போட்டுக்கொடுப்பவரும் போட்டுக்கொள்பவரும்

புகார்களை விசாரித்து அறிக்கை எழுதும் பொறுப்பு என் மேசைக்கு வந்திருந்த ஆண்டுகளில் நான் அதிகம் தடுமாறியது விசாரணையில் அல்ல, சொல்லில்தான். வாக்குமூலம் கொடுக்க வருகிறவர், "அவர்தான் சார் எங்க ரெண்டு பேருக்கும் சிண்டு முடிஞ்சுவிட்டது" என்பார். நான் "ஊழியர்களிடையே நிலவிய சுமுகமான சூழலுக்கு ஊறு விளைவித்தார்" என்று எழுதிப் படித்துக் காட்டுவேன். "நான் அப்படிச் சொல்லலையே" என்று அவர் விழிப்பார். நியாயம்தான். சிண்டு முடிவதில் ஒரு காட்சியே இருக்கிறது: பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இருவரின் குடுமிகளைத் தெரியாமல் சேர்த்து முடிந்துவிட்டால், ஒருவர் தலையைத் திருப்பும்போது மற்றவருக்கு வலிக்கும், முடிந்தவர் அந்நேரம் அங்கே இருக்கமாட்டார். என் கோப்பு நடையில் குடுமியும் இல்லை, வலியும் இல்லை.

பேச்சு வழக்கு இந்த மனிதர்களைத் துல்லியமாகப் பிரித்து வைத்திருக்கிறது. வத்தி வைப்பவர் ஒருமுறை பற்றவைத்துவிட்டு நகர்ந்துவிடுவார். தூபம் போடுபவரோ புகை அடங்காதபடி பக்கத்திலேயே நிற்பார். குட்டையைக் குழப்புபவருக்கு அதில் பிடிக்க ஒரு மீன் இருக்கும். கோள் சொல்பவரின் சொல் பெரும்பாலும் மேலதிகாரியின் அறையை நோக்கியே போகும். நாரதர் வேலை என்று சிரித்துக்கொண்டே சொல்வதும் உண்டு. நாரதர் கலகம் நன்மையில் முடியும் என்பார்கள், நான் விசாரித்தவற்றில் ஒன்றுகூட அப்படி முடியவில்லை.

இவர்களில் அறிக்கைக்குள் அடக்க முடியாதவர் போட்டுக்கொடுப்பவர். அவர் சொல்வது பல நேரங்களில் உண்மையாகவே இருக்கும். ஓர் ஊழியரிடம் அவருடைய நெருங்கிய நண்பரைப் பற்றி, "உங்களுக்கு இடமாறுதல் கிடைச்சா நல்லதுன்னு அவர் சொன்னார், நான் சொன்னதா சொல்லிடாதீங்க" என்று ஒருவர் காதோடு சொல்லிப் போனார். இருவரும் நான்கு மாதம் பேசிக்கொள்ளவில்லை. விசாரித்தபோது, அந்த நண்பர் உண்மையில் சொன்னது, "தாயாருக்கு உடம்பு முடியவில்லை, ஊர்ப்பக்கமாக இடமாறுதல் கிடைத்தால் அவருக்கு நல்லது" என்பது. ஒரு சொல்லைக்கூடச் சேர்க்காமல், முன்பாதியை மட்டும் நறுக்கிவிட்டார்கள். பொய் சொன்னார் என்று நான் எப்படி எழுதுவது?

எதிர்ச்சொல்லைத் தேடினால் சமாதானம், சமரசம், மத்தியஸ்தம் என்று சில கைக்கு வருகின்றன. இவை எல்லாமே சண்டை மூண்ட பிறகு வருகிறவருக்கானவை. பகைவர்களை இணங்கவைப்பதைச் சொல்லும் சந்து செய்வித்தல் என்ற பழைய வழக்கும் அப்படித்தான். உறையூரை முற்றுகையிட்ட சோழன் நலங்கிள்ளியிடமும் உள்ளே அடைத்துக்கொண்டிருந்த, அதே சோழர் குடியின் நெடுங்கிள்ளியிடமும், இருவர் சூடியிருப்பதும் ஆத்தி மாலைதான், எவர் தோற்றாலும் தோற்பது உங்கள் குடியே என்று புலவர் கோவூர்கிழார் சொன்ன புறநானூற்றின் 45ஆம் பாடலும் படை வந்து நின்ற பிறகு பாடியதுதான். அதிலும் ஒரு வேடிக்கை: சகுனி என்ற பெயரை எந்த அலுவலகத்திலும் யாருக்கும் சூட்டிவிடுகிறோம்; ஒருவரைக் கோவூர்கிழார் என்று அழைத்ததை நான் கேட்டதில்லை.

சண்டையே மூளாமல் பார்த்துக்கொள்பவருக்கு என்ன பெயர்? எங்கள் தபால் பிரிவில் ஓர் அம்மா இருந்தார். "அந்த மூஞ்சியை நம்பி ஃபைலைக் கொடுத்தேன் பாருங்க" என்று ஒருவர் இவரிடம் பொரிந்து தள்ளினால், அது உரியவரிடம் போய்ச் சேரும்போது, "மூணாம் பக்கத்துக் கூட்டலை ஒரு தடவை பார்த்துக் கொடுக்கச் சொன்னார்" என்று ஆகியிருக்கும். வேலைக்கு வேண்டியது முழுதாகப் போய்விடும். மூஞ்சி மட்டும் இவர் காதோடு நின்றுவிடும். புறங்கூறாமை அதிகாரத்தின் 187ஆம் குறள், நகச் சொல்லி, அதாவது மகிழும்படி பேசி, நட்பாடத் தெரியாதவர்களே பகச் சொல்லி உறவைப் பிரிப்பவர்கள் என்கிறது. நகச் சொல்வது ஒரு தொழில்திறன் என்று எனக்கு அந்த அம்மாவைப் பார்த்துத்தான் புரிந்தது. மற்றவர் போட்டுக்கொடுப்பவர் என்றால், இவரைக் காதில் போட்டுக்கொள்பவர் என்றாவது சொல்லலாம். கொடு, கொள் என்ற இரண்டுக்குள் எவ்வளவு தூரம்!

நானும் ஒருமுறை வத்தி வைத்திருக்கிறேன். ஆய்வுக் கூட்டம் ஒன்றின் நடவடிக்கைக் குறிப்பில், "இந்தப் பிரிவை நம்பி எதையும் ஒப்படைக்க முடியாது" என்று ஒரு மேலாளர் சொன்னதை அப்படியே எழுதி, ஆறு பிரிவுகளுக்கும் நகல் அனுப்பினேன். மறுநாள் இரண்டு பிரிவுகளுக்கு நடுவே கோப்பு நகரவில்லை. "சொன்னதைத்தானே எழுதினேன்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். தபால் கட்டை என் மேசையில் வைக்க வந்த அந்த அம்மா, "சொன்னதைத்தான் எழுதியிருக்கீங்க சார். அடுத்த நிமிஷமே அவர் தலையைப் பிடிச்சுக்கிட்டு, ரெண்டு நாளா தூங்கலை, கோபத்துல பேசிட்டேன்னாராமே, அதை எழுதலையா?" என்று கேட்டார். அது கூட்டப் பொருளில் வராதே என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் அதற்குள் அடுத்த மேசைக்குப் போயிருந்தார்.