மாலர்ட் பக்கத்துல நின்னேன்!

இங்கிலாந்துல யார்க் ரயில் மியூசியத்துல, மாலர்ட்ங்கிற நீராவி என்ஜின் முன்னாடி நின்னுட்டு வந்து ரெண்டு நாளாச்சு. மனசு இன்னும் அங்கேயேதான் இருக்கு.

1938 ஜூலை 3. நைஜல் கிரெஸ்லி வடிவமைச்ச இந்த நீல நிற என்ஜின், கிரந்தம் ஊரைத் தாண்டி ஸ்டோக் இறக்கத்துல ஏழு பெட்டிகளை இழுத்துக்கிட்டு மணிக்கு 126 மைல் வேகத்தைத் தொட்டுச்சு. 203 கிலோமீட்டர்! நீராவி என்ஜின்கள்ல இன்னைக்கும் உலக சாதனை இதுதான். ஓட்டினவர் ஜோ டடிங்டன், கரி அள்ளிப் போட்டவர் டாமி பிரே.

அந்தப் பெரிய சிவப்புச் சக்கரம் ஒவ்வொண்ணும் 6 அடி 8 அங்குலம், என்னை விட உசரம். சாதனை வேகத்துல அது நொடிக்கு எட்டுச் சுத்துக்கு மேல சுத்தியிருக்கு. கணக்குப் போட்டுப் பார்த்தப்போ சிலிர்த்துடுச்சு. அந்த ஓட்டத்துல நடு சிலிண்டரோட பெரிய பேரிங் சூடாகி, பீட்டர்பரோவுலயே ரயில்லேர்ந்து என்ஜினைக் கழட்டிவிட வேண்டியதாப் போச்சு. இந்த வகை என்ஜின்கள்ல அந்த பேரிங்குக்குள்ள சோம்பு வாசனைக் குப்பி ஒண்ணு வெச்சிருப்பாங்க. சூடு மிஞ்சினா உடைஞ்சு வாசம் வரும், டிரைவர் உஷாராயிடுவார். என்ன அழகான யோசனை!

இந்த வகையில மொத்தம் 35 என்ஜின் கட்டினதுல ஆறுதான் மிச்சம். 2013-ல ஆறும் யார்க்குல ஒண்ணா நின்னுச்சு, அமெரிக்காவுலயும் கனடாவுலயும் இருந்த ரெண்டு உட்பட. அப்போ நான் போகலையேன்னு இன்னும் ஏங்குறேன்.

வீட்டு மேசையில 1:76 அளவுல என் மாலர்ட் நிக்குது, 28 சென்டிமீட்டர். நேத்து ராத்திரி அதோட சக்கரக் கம்பிகளை ஒவ்வொண்ணா பிரஷ்ஷால துடைச்சேன். நிஜத்தைப் பார்த்த கண்ணுக்கு அது இன்னும் அழகாத் தெரியுது.