கர்ப்பப்பை எடுத்த அத்தை

பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து மரபணு ஆலோசனைக்காக எங்கள் பிரிவுக்கு அனுப்பப்படுகிறவர்களிடம், மூன்று தலைமுறை உறவுகளையும் கேட்டு வரைபடமாக எழுதிக்கொள்வது என் வேலை. குடும்பத்தில் வேறு யாருக்காவது புற்றுநோய் இருந்ததா என்று பொதுவாகக் கேட்டால் பெரும்பாலும் இல்லை என்றே சொல்வார்கள். அத்தை, சித்தி, பாட்டி என்று ஒவ்வொருவராகப் பிரித்து, யாருக்காவது கர்ப்பப்பையை எடுத்தார்களா, எதற்காக எடுத்தார்கள் என்று கேட்கும்போதுதான், நாற்பது வயதைத் தாண்டியதும் உதிரப்போக்கு நிற்காமல் இறந்துபோன அத்தை ஒருவர் பேச்சில் வருவார். குடலுக்கும் கருப்பைக்கும் என்ன தொடர்பு என்று அவர்கள் நினைப்பது இயல்பே. ஆனால் லிஞ்ச் சிண்ட்ரோம் என்கிற பரம்பரை நிலையில் குடல் புற்றுநோய், கருப்பைப் புற்றுநோய் இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: உயிரணு பிரியும்போது டிஎன்ஏவில் நேரும் பிழைகளைத் திருத்துகிற எம்எல்எச்1, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6, பிஎம்எஸ்2 ஆகிய மரபணுக்களுள் ஒன்று பிறப்பிலேயே பழுதுபட்டிருக்கிறது.

இந்தத் தொடர்பு வெளிப்பட்டதும் ஒரு பெண் சொன்ன குடும்பக் கதையால்தான். அமெரிக்காவின் மிச்சிகனில் நோயியலாளராக இருந்த ஆல்டிரட் வார்த்தினிடம் 1895இல் அவருடைய தையல்காரப் பெண், தன் வீட்டில் பலரும் குடல், கருப்பைப் புற்றுநோய்களால் இறந்திருப்பதால் தனக்கும் அதுவே நேரும் என்றார். இளவயதிலேயே கருப்பைப் புற்றுநோயால் இறந்தும் போனார். வார்த்தின் 1913இல் பதிவுசெய்த அந்தக் குடும்பத்தின் வழித்தோன்றல்களிடம், எம்எஸ்எச்2 மரபணுவில் பழுது இருப்பது 2000ஆம் ஆண்டில் உறுதியானது.

பெருங்குடல் புற்றுநோயாளிகளில் நூற்றுக்கு ஏறத்தாழ மூவருக்கே இந்தப் பழுது காரணம். பழுது இருந்தாலே நோய் வந்துவிடும் என்பதுமில்லை. எம்எல்எச்1, எம்எஸ்எச்2 பழுதுகளில் அபாயம் மிக அதிகம், பிஎம்எஸ்2வில் வெகுவாகக் குறைவு. உரிய வயதில் தொடங்கி ஓரிரு ஆண்டுகளுக்கொருமுறை கொலனோஸ்கோப்பி (கேமரா பொருத்திய குழாயால் பெருங்குடலின் உள்ளே பார்க்கும் சோதனை) செய்து, பாலிப்புகள் எனப்படும் சிறு தசை வளர்ச்சிகளை அகற்றிவந்தால் குடல் புற்றுநோய் அபாயத்தைக் குறைக்கவும், வந்தாலும் தொடக்கத்திலேயே கண்டறியவும் முடிகிறது.

இவ்வளவு விளக்கிய பிறகும், "பொண்ணுக்கு வரன் பார்த்துட்டிருக்கோம், இப்ப யார்கிட்டயும் சொல்ல வேண்டாமே" என்று தாழ்ந்த குரலில் கேட்பவர்கள் உண்டு. அந்த அச்சம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் இந்த மௌனத்தை என்னால் ஏற்க முடிவதில்லை, ஏனென்றால் மாமன் மகள், அத்தை மகன், தாய்மாமன் என்று சொந்தத்துக்குள் மணமுடிக்கிற நம் வழக்கத்தில், ஒரே பழுது மணமக்கள் இருவரிடமும் இருக்கக்கூடும். இருவரிடமிருந்தும் அதைப் பெறுகிற குழந்தைக்குச் சிறுவயதிலேயே மூளைக்கட்டியோ இரத்தப் புற்றுநோயோ குடல் புற்றுநோயோ வரும் அபாயம் மிகக் கடுமையானது. மறைக்க நினைக்கும் அந்த நேரம்தான் சொல்லியாக வேண்டிய நேரம்.

நோயாளியின் அனுமதியின்றி அவருடைய உறவினரை நாங்கள் அழைக்க முடியாது என்பதால், உடன்பிறந்தோருக்கென எளிய தமிழில் ஒரு கடிதம் எழுதிக் கொடுக்கிறோம். வாயால் சொல்லத் தயங்குகிறவர்கள்கூட அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். பிறகு தம்பியோ தங்கையோ வருவார். குடும்பத்தில் ஏற்கெனவே தெரிந்த பழுதை மட்டும் தேடுவதற்குக் கொஞ்சம் இரத்தம் போதும். அது இல்லையென்று வந்தால் அவருடைய பிள்ளைகளுக்கும் அவர் வழியாகப் போகாது. இருந்தால், கொலனோஸ்கோப்பிக்கு அன்றே நாள் குறித்துக் கொடுக்கிறோம்.