அந்தக் கார்டை எந்தப் பக்கம் எண்ணுறது

பென்சில்வேனியால கேஸ் கம்பெனி ஓனர் ரிலேஷன்ஸ்ல, அதாவது கிணத்துக்கு நிலம் குத்தகைக்கு விட்டவங்ககிட்ட பேசற வேலைல, இருந்தவங்களுக்கு 2015 எப்படி போச்சுன்னு நான் சொல்லவே வேணாம். மார்செல்லஸ்ங்கிற பாறை அடுக்குல இருந்து எடுக்குற கேஸ், மாநிலத்தோட வடகிழக்குப் பக்கம் ஆயிரம் கன அடி ஒன்றரை டாலருக்கும் கீழ வித்துக்கிட்டு இருந்த நேரம். கேஸ் வித்த பணத்துல நிலக்காரங்களுக்கு வர்ற பங்கு, அந்த ராயல்டி செக்கைப் பாத்துட்டு ஆளாளுக்கு ஃபோன் போடுறாங்க. அந்த நேரம் பாத்து புது கவர்னர் டாம் வுல்ஃப் பூமில இருந்து எடுக்குற கேஸுக்கு 5 சதவீதம் வரி (செவரன்ஸ் டாக்ஸ்), அதுக்கு மேல ஆயிரம் கன அடிக்கு 4.7 சென்ட்னு பட்ஜெட்ல வச்சார். உடனே எங்க கம்பெனி செக் போற கவர்லயே ஒரு கார்டையும் சொருகி அனுப்புச்சு. டாக்ஸ் வந்தா டிரில்லிங் குறையும், உங்க ராயல்டியும் குறையும்னு அச்சடிச்சு, கீழ கையெழுத்துக்கு இடம். திருப்பி அனுப்புனா மொத்தமா சேத்து மாநிலத் தலைநகர் ஹாரிஸ்பர்க்ல குடுக்கறது எங்க வேலை.

கார்டு நிறைய வந்துச்சு. யாரும் மிரட்டி வாங்கல, அதை முதல்லயே சொல்லிடறேன். 2012ல ஆக்ட் 13 வந்ததுல இருந்து ஒவ்வொரு கிணத்துக்கும் கம்பெனிங்க இம்பாக்ட் ஃபீ கட்டுது, அதுல பெரும்பங்கு டிரில்லிங் நடக்குற டவுன்ஷிப், கவுண்டிக்குப் போய் ரோடு, பாலம்னு கண்ணுக்குத் தெரியுது. டாக்ஸ்னா பணம் ஹாரிஸ்பர்க் போகும், அங்கிருந்து பிலடெல்பியா பள்ளிக்கூடத்துக்குப் போயிடும்ங்கிற பேச்சு அவங்களாவே பேசுனது. எல்லைக்கு அந்தப் பக்கம் நியூயார்க்ல 2014 டிசம்பர்ல ஃப்ராக்கிங்கே (தண்ணியை அழுத்தி விட்டுப் பாறையை உடைச்சு கேஸ் எடுக்கறது) கூடாதுன்னு வேற அறிவிச்சுட்டாங்க, அந்தப் பயமும் இருந்துச்சு. பெரிய கேஸ் மாநிலங்கள்ல செவரன்ஸ் டாக்ஸ் இல்லாதது பென்சில்வேனியா மட்டும்தானேன்னு எதிர்த்தரப்பு சொன்னதும் உண்மைதான், ஆனா அதை கார்டுல யார் போடுவாங்க.

பின்னாடி 2017ல புதுக்கோட்டைப் பக்கம் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து நெடுவாசல் போராட்டம் நடந்தப்ப என் மாமா பையன் கேட்டான், விவசாயியே எப்படிடா கிணறு தோண்டு தோண்டுன்னு கையெழுத்து போடுறான்னு. நம்மூர்ல பூமிக்குக் கீழ இருக்குறது அரசாங்கத்துது, இங்க அதைத் தனியா வித்துடாம இருந்தா நிலக்காரங்களுது, பங்கு வருதுடான்னு சொன்னேன். எவ்வளவு பங்குன்னு கேட்டான். அதுக்குத்தான் வரேன்.

பிராட்ஃபோர்ட் கவுண்டில பால்மாடு வச்சிருக்குற ஒரு அம்மா ஃபோன் பண்ணாங்க. கோவமே இல்ல. கார்டு வந்துச்சு, கையெழுத்து போடத்தான் போறேன், ஆனா செக்கோட வர்ற கணக்குச் சீட்டை, ஸ்டப்பை, கையில வச்சுக்கிட்டு பேசறேன், எனக்கு ஒண்ணு சொல்லுங்கன்னாங்க. 1979 மாநிலச் சட்டப்படி ராயல்டி எட்டுல ஒரு பங்கு, அதாவது 12.5 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. ஆனா அது கம்பெனி தன் செலவைக் கழிக்கறதுக்கு முன்னாடியா பின்னாடியான்னு சட்டத்துல தெளிவா இல்ல. 2010ல மாநில உச்ச நீதிமன்றம் செலவைக் கழிச்சுட்டும் கணக்கு போடலாம்னு சொல்லிடுச்சு. அதனால அவங்க ஸ்டப்ல கேஸைக் குழாய்ல சேக்கறது, அழுத்தறது, கொண்டு போறதுன்னு ஒவ்வொரு செலவும் வரிசையா மைனஸ், கேஸ் விலை இருந்த இருப்புக்கு கடைசி வரில மிஞ்சுனது மாட்டுத் தீவனத்துக்கே காணாது. எவ்வளவு கழிச்சாலும் 12.5க்குக் கீழ போகக் கூடாதுன்னு லைகமிங் கவுண்டில இருந்து மாநில சட்டசபைக்குப் போன கார்த் எவரெட் ஒரு மசோதா வச்சிருந்தார், அவர் ரிபப்ளிகன், டிரில்லிங்குக்கு எதிரி எல்லாம் கிடையாது. அதை இண்டஸ்ட்ரி எதிர்த்துச்சு. அந்தம்மா கேட்டது, டாக்ஸ் விஷயத்துல நான் உங்க கூட நிக்கறேன், எங்க மசோதாவுல உங்க கம்பெனி எந்தப் பக்கம் நிக்குது?

அது கவர்ன்மென்ட் அஃபேர்ஸ் டிபார்ட்மென்ட் பாக்கறது, எனக்கு அதைப் பத்திப் பேச அனுமதி இல்லைங்கன்னேன்.

பொய் இல்ல. எங்களுக்குக் குடுத்த ஸ்கிரிப்ட்லயும் அப்படித்தான் இருந்துச்சு. ஆனா எனக்குப் பதில் தெரியும், தெரியும்ங்கிறது அவங்களுக்கும் தெரியும். கொஞ்ச நேரம் கழிச்சு, டாக்ஸ் வந்தா என் செக்ல இருந்து கழிப்பீங்களான்னு கேட்டாங்க. உங்க லீஸைப் பொறுத்ததுன்னேன். சரி, கார்டை அனுப்பறேன்னு வச்சுட்டாங்க. இதுல நான் வேற என்ன சொல்லிருக்க முடியும்னு எத்தனையோ தடவை யோசிச்சாச்சு. ஆமா எதிர்க்கறோம்னு சொல்லிருந்தா என் வேலை போயிருக்கலாம், அவங்க செக் ஒரு டாலர் கூடக் கூடியிருக்காது. ஆனா கார்டு வந்திருக்காது. இந்தக் கடைசி விஷயம்தான் உறுத்துது, ஏன்னா கார்டு வரணும்ங்கறதுக்காக நான் அப்படிச் சொல்லலைன்னு எனக்கு நானே சத்தியம் பண்ணிக்க வேண்டியிருக்கு.

கார்டு வந்துச்சு. முன்பக்கம் கையெழுத்து. பின்பக்கம் நீல பேனால, நெருக்கி நெருக்கி, டாக்ஸ் வேணாம், ஆனா முதல்ல இந்தச் செலவு கழிக்கறதை நிறுத்தச் சொல்லுங்க, டாக்ஸ் போடாமலே என் பங்கு போய்க்கிட்டுதான் இருக்குன்னு எழுதியிருந்தாங்க. எங்க ஷீட்ல பேரு, கவுண்டி, டாக்ஸுக்கு ஆதரவா எதிர்ப்பா, அவ்வளவுதான் கட்டம். எதிர்ப்புன்னு போட்டேன். அது சரிதானே, அவங்க எதிர்த்தாங்கதானே. கார்டையும் மறைக்கல, கட்டோட கட்டா போச்சு. ஆனா ஹாரிஸ்பர்க் போய் நிலக்காரங்க எங்க பக்கம்னு பேசும்போது காட்டுறது அந்த எண்ணிக்கையைத்தான், பின்பக்கத்தை இல்ல.

அந்த டாக்ஸ் வரல. பட்ஜெட் ஒன்பது மாசம் இழுத்தும் வரல, 2019ல 450 கோடி டாலர் கட்டுமானத் திட்டம்னு பேர் மாத்திக் கொண்டு வந்தும் வரல. எவரெட் மசோதாவும் வரல. டாக்ஸ் வராததால அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு நல்லதுதான் நடந்துச்சுன்னு நான் இன்னமும் நினைக்கறேன், மாத்திப் பேச வரல.

ஷீட்ல குறிப்புன்னு ஒரு கட்டம் சேக்கலாமான்னு மட்டும் அப்பவே கேட்டிருக்கலாமோன்னு தோணும். சேத்திருந்தா மேனேஜர் வந்து இது என்னன்னு கேட்டிருப்பார். டாக்ஸுக்கும் எதிர்ப்பு, நமக்கும் எதிர்ப்புன்னு எழுதிக் காட்டவா?