இடித்துப்போட்ட பிளாக்கின் ஓட்டுகள்: 2021இல் பூத் ஏஜென்டாக இருந்த அனுபவம்

சிட்டிங் எம்எல்ஏவை மறுபடி ஜெயிக்க வைப்பது, புது ஆளை ஜெயிக்க வைப்பதைவிடக் கஷ்டமான வேலை. புது ஆள் வாக்குறுதி கொடுத்தால் போதும். சிட்டிங்குக்கு ஐந்து வருஷக் கணக்கு இருக்கிறது, அதை வாசலுக்கு வாசல் வேறு விதமாகக் கேட்பார்கள். 2021 சட்டமன்றத் தேர்தலில் வடசென்னையில் ஒரு வாக்குச்சாவடியில் எங்கள் சிட்டிங் எம்எல்ஏவின் பிரதிநிதியாக, அதாவது ஏஜென்டாக நான் உட்கார்ந்தேன். வாக்காளர் பட்டியலில் ஆரம்பித்து ஓட்டு எண்ணிக்கை வரைக்கும் பார்த்ததை எழுதுகிறேன். தொகுதி, கட்சி, எம்எல்ஏ பெயர் எதையும் சொல்லப் போவதில்லை. சொன்னால் படிக்கிறவர்களில் பாதிப் பேர் அதைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுவீர்கள்.

நான் கட்சிக்காரி இல்லை. ஹவுசிங் போர்டில் சாயங்காலம் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறவள். எங்கள் எம்எல்ஏவை எனக்குப் பிடிக்கும். பாதாளச் சாக்கடைக்குள் ஆள் இறங்கிச் செத்தால் அன்றைக்கே வந்து நிற்பார். 2013லேயே சட்டம் போட்டுத் தடுத்த வேலையை இன்னும் யார் செய்யச் சொல்கிறார்கள் என்று சட்டசபையில் எழுந்து கேட்டார். கால்வாய்க் கரைக் குடிசைகளைக் காலி பண்ண வந்தபோது, பிள்ளைகளுக்குப் பரீட்சை முடியட்டும் என்று குறுக்கே நின்றார். சாதி மாறிக் கல்யாணம் பண்ணிக்கொண்டு வருகிற பிள்ளைகளை போலீஸ் ஸ்டேஷனில் தனியாக விட மாட்டார்.

ஆனால் இதில் எதுவும் குழாயில் தண்ணீர் வரவைக்காது. 2019 கோடையில் நாங்கள் லாரித் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு ராத்திரியெல்லாம் விழித்திருந்தோம். அதை யாரும் மறக்கவில்லை. எங்கள் பிளாக்கில் மீன் விற்கிற அக்கா ஒருத்தர் முகத்துக்கு நேராகவே சொன்னார்: "உங்காளு சட்டசபைல நல்லாத்தான் பேசுறாரு. எங்க வூட்டுக் குழாய்ல காத்துதான் பேசுது. அதுக்கு இன்னா சொல்ற?"

அதற்குப் பதில் இருந்தது, ஆனால் வாசலில் நின்று சொல்கிற மாதிரியான பதில் இல்லை. சென்னை மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த மாநகராட்சித் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில். நடுவில் ஐந்து வருஷத்துக்கு மேல் எங்களுக்குக் கவுன்சிலரே கிடையாது. தெருவிளக்கு எரியவில்லை, குப்பை எடுக்கவில்லை, கழிவுநீர் வாசலில் நிற்கிறது என்றால் போய்க் கேட்க இருந்த ஒரே ஆள் எம்எல்ஏதான். அவரோ எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்தவர். கையில் இருந்தது தொகுதி மேம்பாட்டு நிதி, கடைசியில் வருஷத்துக்கு 3 கோடி. கொரோனா வந்த 2020இல் அதிலிருந்தும் 1 கோடியை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. இதையெல்லாம் ஒருமுறை பொறுமையாக விளக்கிப் பார்த்தேன். அந்த அக்கா கேட்டுவிட்டு, "அப்போ அவரால முடியாதுன்றியா?" என்றார். அதற்கப்புறம் அந்த விளக்கத்தை யாரிடமும் சொல்லவில்லை.

எம்எல்ஏ கட்சியில் எங்கள் வட்டத்தைப் பார்த்துக்கொள்கிற அண்ணன் என்னைக் கூப்பிட்டது பேசுவதற்கு இல்லை, பட்டியலுக்கு. பத்து வருஷமாக டியூஷன் எடுப்பதால் எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், யார் பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்பினார்கள், எந்தத் தாத்தா செத்துப்போனார் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். பூத் வேலையில் இதைவிடப் பெரிய தகுதி எதுவும் இல்லை என்று அவர் சொன்னபோது முகஸ்துதி என்று நினைத்தேன். அது உண்மைதான்.

எங்கள் பாகத்தில் (ஒரு பூத்துக்குரிய வாக்காளர் பட்டியல் பகுதி) இரண்டு பிளாக்கை இடித்துப் புதிதாகக் கட்ட ஆரம்பித்திருந்தார்கள். குடியிருந்தவர்களுக்கு வாடகைக்கென்று ஒரே தடவையாக 8,000 ரூபாய் கொடுத்து, கட்டி முடித்ததும் வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். சென்னையில் எட்டாயிரத்தில் எத்தனை மாசம் வாடகை கொடுக்க முடியும் என்பது உங்களுக்கே தெரியும். கொடுங்கையூர், மாதவரம், புழல் என்று ஆளுக்கு ஒரு பக்கம் போனார்கள். 2020 நவம்பர் 16 அன்று வரைவுப் பட்டியல் வந்தது. சரிபார்க்க வந்த பிஎல்ஓ (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) அந்த முகவரிக்குப் போனால் அங்கே செங்கல் குவியல்தான் இருக்கும். அவர் என்ன எழுதுவார்? 'குடிபெயர்ந்தார்' என்று எழுதுவார். அவரைக் குறை சொல்ல முடியாது, அவரும் பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு இதையும் சுமக்கிற அங்கன்வாடி டீச்சர்தான். ஆனால் குடிபெயர்ந்தார் என்று எழுதி, பெயரை நீக்கக் கேட்கும் படிவம் 7 போட்டால் பெயர் போய்விடும்.

எம்எல்ஏவுக்கு நம்பிக்கையாக ஓட்டுப் போடுகிறவர்கள் அந்த இரண்டு பிளாக்கில்தான் அதிகம். காலி பண்ணச் சொன்னபோது, திரும்ப வீடு தருவோம் என்று எழுத்தில் கொடுக்க வைத்தவர் அவர்தான். நான் முதலில் கட்சிக் கண்ணோடுதான் இதைப் பார்த்தேன் என்பதை மறைக்கவில்லை. போகப் போக வேறு கோபமும் வந்தது. வீடும் இல்லை, ஓட்டும் இல்லை என்றால் கட்டி முடித்த வீட்டைக் கேட்டு நாளைக்கு எந்த முகத்தோடு நிற்பார்கள்?

அந்த வருஷம் படிவங்கள் இப்படி இருந்தன: அதே தொகுதிக்குள் முகவரி மாறினால் 8ஏ, வேறு தொகுதிக்குப் போனால் புதிதாக 6, பெயர் தப்பு, வயசுத் தப்புக்கு 8. வாடகை வீட்டுக்காரர் பலருக்கு வாடகை ஒப்பந்தமே கொடுப்பதில்லை, ரேஷன் கார்டோ பழைய முகவரியில். அதனால் 8ஏ போட ஆதாரம் கிடைக்காமல் அலைந்தவர்கள் நிறைய. தற்காலிகமாகத்தான் வெளியேற்றப்பட்டிருக்கிறார்கள், திரும்பி வரப்போகிறவர்கள் என்று ஹவுசிங் போர்டு கொடுத்த ஒதுக்கீட்டுக் கடிதத்தை ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வாங்கி நகல் எடுத்து, சிறப்பு முகாம் நடந்த பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்க் கொடுத்தோம். அதில் என் டியூஷன் பிள்ளைகள் செய்த உதவி பெரிசு. யார் எங்கே குடிபோனார்கள் என்பது அவர்களுக்குத்தான் வாட்ஸ்அப்பில் தெரியும். 2021 ஜனவரி 20 அன்று இறுதிப் பட்டியல் வந்தபோது பெரும்பாலான பெயர்கள் நின்றன. சில போயின. அதில் ஒருவர் ஐம்பது வருஷமாக அந்த பிளாக்கில் இருந்த அம்மா. அவருக்குத் திரும்ப படிவம் 6 போட்டோம். 'புது வாக்காளர்' ஆகிவிட்டேன் என்று அவர் சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிரசாரத்தைப் பற்றி எழுத அதிகம் இல்லை. ஜீப், மேளம், பட்டாசு, ஆரத்தித் தட்டு எல்லாம் வழக்கம்போல. ஒரு வேட்பாளர் செலவு செய்யலாம் என்று அப்போது இருந்த உச்சவரம்பு 30.8 லட்சம். அந்தத் தொகைக்குள் ஒரு தொகுதியே நடந்ததாக நம்புகிறவர்கள் நம்பிக்கொள்ளுங்கள். ஏப்ரல் 4 சாயங்காலம் பிரசாரம் ஓய்ந்தது. அதற்கப்புறம் வருகிற இரண்டு ராத்திரிகள்தான் வடசென்னையில் தேர்தல். பக்கத்து ஆர்.கே.நகரில் 2017 ஏப்ரலில் பணப்பட்டுவாடாவுக்காக இடைத்தேர்தலையே தேர்தல் ஆணையம் ரத்து செய்தது ஊருக்கே தெரியும். எங்கள் தெருவிலும் கவர் வந்தது. எதிர்த் தரப்பு மட்டும்தான் கொடுத்தது என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். எங்கள் எம்எல்ஏ கொடுக்கக் கூடாது என்று சொன்னதைக் காதால் கேட்டேன். அவருக்குக் கீழே இருந்தவர்கள் எல்லோரும் அதைக் கேட்டார்களா என்பது வேறு விஷயம். மீன் விற்கிற அக்கா மட்டும், "வாங்கிக்கினேன் டீச்சர். ஓட்டு என் கையில கீது, கவர் அவங்க கையில இருந்துச்சு, ரெண்டுக்கும் இன்னா சம்பந்தம்?" என்றார்.

ஏஜென்ட் ஆவதற்குப் படிவம் 10. வேட்பாளரோ அவருடைய தலைமை ஏஜென்டோ கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார்கள். நாம் வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் முன்னால் கையெழுத்துப் போட்டு அவரிடம் ஒப்படைக்க வேண்டும். பொதுவாக அதே பாகத்தின் வாக்காளராக இருக்க வேண்டும், அடையாள அட்டை வேண்டும். ஒரு வேட்பாளருக்கு ஒரு பூத்துக்கு ஒரு ஏஜென்ட், மாற்று ஆட்கள் இரண்டு பேர். ஒரு நேரத்தில் உள்ளே ஒருத்தர்தான்.

ஏப்ரல் 6. விடியுமுன்பே மாநகராட்சிப் பள்ளிக்குப் போய்விட்டேன். முதலில் மாதிரி வாக்குப்பதிவு. குறைந்தது 50 ஓட்டு போட வேண்டும், நோட்டாவுக்கும் சேர்த்து. பிறகு மெஷின் கணக்கையும், யாருக்குப் போட்டோம் என்று அச்சடித்துக் காட்டும் விவிபேட் சீட்டுகளையும் ஒப்பிடுவார்கள். சரியாக இருந்தால் 'கிளியர்' அழுத்திப் பூஜ்யம் காட்டுவார்கள். இங்கேதான் கண்ணை எடுக்கக் கூடாது. அந்தப் பூஜ்யத்தைப் பார்த்த பிறகே மெஷினை மூடி முத்திரையிடும் பச்சைத்தாளில் கையெழுத்துப் போட்டேன், அதன் நம்பரையும் நோட்டில் குறித்துக்கொண்டேன். எதிர்த் தரப்பு ஏஜென்ட் என் தெருத் தம்பிதான், அவனும் குறித்துக்கொண்டான். இரண்டு பேரும் நாள் முழுக்க ஒரே பெஞ்சில். என் டப்பாவில் இருந்த இட்லி அவனுக்கு, அவன் வாங்கிவந்த டீ எனக்கு.

கொரோனா காலம் என்பதால் ஒரு பூத்துக்கு ஆயிரம் வாக்காளருக்கு மேல் இல்லை. ஓட்டுப் போட வருகிறவர்களுக்கு வலது கைக்கு ஒரு பிளாஸ்டிக் கையுறை. ஏஜென்டின் வேலை சுலபமாகத் தெரியும்: அலுவலர் பெயரும் வரிசை எண்ணும் உரக்கப் படிப்பார், நம் பட்டியலில் அடித்துக்கொள்ள வேண்டும். ஆனால் அன்றைக்கு அலுவலர் கையில் இன்னொரு பட்டியலும் இருந்தது. வீட்டில் இல்லாதவர், குடிபெயர்ந்தவர், இறந்தவர் என்று பிஎல்ஓ குறித்துக் கொடுத்த ஏஎஸ்டி பட்டியல். நாங்கள் போராடிப் பெயரை நிறுத்தியவர்களில் பலர் அதில் இருந்தார்கள்.

அந்தப் பட்டியலில் இருந்தால் ஓட்டு இல்லை என்று அர்த்தம் இல்லை. அடையாள அட்டையை நன்றாகச் சரிபார்த்து, கைரேகையும் வாங்கிக்கொண்டு அனுமதிக்க வேண்டும். இது தெரியாத ஒரு தம்பதி கொடுங்கையூரிலிருந்து வந்து, "பேரு அதுல கீதுன்றாங்க, போயிடலாமா?" என்று திரும்பப் பார்த்தார்கள். நான் எழுந்து, இவர்களை எனக்குத் தெரியும், அட்டை இருக்கிறது, சரிபாருங்கள் சார் என்றேன். அலுவலர் என்னைத் திட்டவில்லை, கைப்புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு அனுமதித்தார். எதிர்த் தரப்புத் தம்பி ஆட்சேபிக்கலாமா என்று யோசித்தான். அதற்கு இரண்டு ரூபாய் கட்ட வேண்டும். அந்தத் தம்பதியின் மகனோடு படித்தவன், பேசாமல் இருந்துவிட்டான்.

வெளியே போனவர்களைக் கூட்டிவர ஆட்டோ அனுப்பலாமே என்று வட்டத்தில் ஒருவர் கேட்டார். வேட்பாளர் தரப்பு வண்டி வைத்து வாக்காளரை ஏற்றிவருவது தேர்தல் சட்டப்படி முறைகேடு, ஜெயித்தாலும் அந்தக் காரணத்தை வைத்தே வழக்குப் போடலாம். அதனால் பஸ்ஸிலும் ஷேர் ஆட்டோவிலும் சொந்தக் காசில்தான் வந்தார்கள். மத்தியானம் வெயிலில் பூத் காலியாக இருந்தபோது வயிற்றைக் கலக்கியது. நாலு மணிக்கு மேல் வந்தார்கள். வேலையை முடித்துக்கொண்டு, கைக்குழந்தையோடு, புழலிலிருந்துகூட. கடைசி ஒரு மணி நேரம் கொரோனா நோயாளிகளுக்கு ஒதுக்கியிருந்தார்கள், எங்கள் பூத்தில் அதற்குள் வரிசை முடிந்துவிட்டது. மாநிலம் முழுக்க 72 சதவீதத்தைத் தாண்டிய அந்தத் தேர்தலில் சென்னை 60ஐக்கூடத் தொடவில்லை. எங்கள் பாகம் அதைவிடத் தேவலை.

ஏழு மணிக்கு 'குளோஸ்' அழுத்தியதும் மொத்த ஓட்டைப் படித்து 17சி படிவத்தில் எழுதினார்கள். அதன் நகல்தான் அன்றைய நாளின் சம்பளம். மே 2 அன்று ராணி மேரி கல்லூரியில் எண்ணும்போது கன்ட்ரோல் யூனிட் (ஓட்டுக் கணக்கு பதிவாகிற மெஷின் பகுதி) நம்பர், மொத்த ஓட்டு எல்லாவற்றையும் இந்தத் தாளோடுதான் ஒப்பிட வேண்டும். உள்ளே போகக் கொரோனா இல்லை என்ற பரிசோதனைச் சான்றோ இரண்டு டோஸ் தடுப்பூசிச் சான்றோ வேண்டும். கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நாம், அந்தப் பக்கம் மேசை. எங்கள் பாகத்து மெஷின் வந்தபோது கணக்கு அப்படியே ஒத்துப்போனது.

அவர் ஜெயித்தார். எங்கள் பாகத்தில் முன்னணிதான், ஆனால் போன தடவையைவிடக் குறைவு. வாக்குச்சாவடி வாரியாக யாருக்கு எவ்வளவு என்று படிவம் 20இல் வெளியே வந்துவிடும். எனக்கு இது பிடிக்காத விஷயம். தெருவுக்கு எத்தனை ஓட்டு என்று எல்லாக் கட்சிக்கும் தெரிகிறது, அதை வைத்து எந்தத் தெருவுக்கு ரோடு என்று முடிவு பண்ணுகிறவர்களும் இருக்கிறார்கள். எங்கள் எம்எல்ஏ அதைப் பார்த்துவிட்டு, குறைந்த பாகங்களுக்கு முதலில் வருகிறேன் என்றார். வந்தார். தண்ணீரைப் பற்றித்தான் கேட்டார்கள்.

அடுத்த தேர்தலில் ஏஜென்டாகப் போகிறவர்களுக்கு: 2022 முதல் 8ஏ கிடையாது, முகவரி மாற்றத்துக்கும் படிவம் 8தான். ஏஎஸ்டி பட்டியலில் உங்கள் பாகத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு, அவர்களை அடையாள அட்டையோடு வரச் சொல்லிவிடுங்கள். செல்போன் உள்ளே கூடாது, இரண்டு பேனா வைத்துக்கொள்ளுங்கள். பெண்கள் என்றால் பள்ளிக்கூடத்தில் கழிப்பறைச் சாவி யாரிடம் என்று முந்தின நாளே கேட்டு வையுங்கள், மாற்று ஆளைப் பக்கத்திலேயே இருக்கச் சொல்லுங்கள். 17சி நகலை வாங்காமல் எழுந்து வராதீர்கள்.