3 மில்லிமீட்டர்

சிறுநீரகக் கல் இருக்கிறதா என்று பார்க்கப் போன ஸ்கேனில்தான் அது அகப்பட்டது. வயிற்றுப் பெருந்தமனி, அதாவது இருதயத்திலிருந்து வயிறு வழியாக ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய், 4.1 சென்டிமீட்டருக்கு உப்பியிருந்தது. சாதாரணமாக 2 சென்டிமீட்டர் அளவில் இருக்குமாம். 3 ஆனால் வீக்கம். ஆண்களுக்கு 5.5 வந்தால்தான் அறுவை சிகிச்சைப் பேச்சு. அதுவரை வருடம் ஒரு ஸ்கேன்.

சுங்கை சிப்புட் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டியவன் நான். டயரில் புடைப்பைப் பார்த்தால் அப்போதே கழற்றிவிடுவேன். வயிற்றுக்குள் புடைப்பை வைத்துக்கொண்டு சும்மா இருப்பதா?

அடுத்த வருடம் 4.4. தூக்கம் போனது. "வளராமல் இருக்க ஏதாவது மாத்திரை கொடுங்க டாக்டர்" என்றேன்.

"அப்படி ஒண்ணு இன்னும் இல்லை அங்கிள்" என்றார் அந்தப் பெண் டாக்டர். ப்ரோப்ரனலோல் என்ற ரத்த அழுத்த மாத்திரையைச் சோதித்தார்களாம், வீக்கம் அடங்கவில்லை, பக்கவிளைவு தாங்காமல் பலர் மாத்திரையையே விட்டுவிட்டார்கள். டாக்ஸிசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மருந்து எலிகளுக்கு நன்றாக வேலை செய்தது. அமெரிக்காவில் 250 பேருக்கு மேல் சேர்த்து, ஒரு சாராருக்கு அதையும் மற்றவர்களுக்கு மருந்தில்லாத மாத்திரையையும் 2 வருடம் கொடுத்தார்கள். யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாது. 2020இல் முடிவு வந்தது: இரு தரப்புக்கும் வீக்கம் ஒரே மாதிரிதான் வளர்ந்திருந்தது.

அப்புறம் என்னை மறுபடி படுக்கவைத்து அவரே அளந்தார். 4.2! கருவியை வைக்கும் கோணம் சற்று மாறினாலே சில மில்லிமீட்டர் கூடும், குறையும் என்றார். வீக்கமோ வருடத்துக்கு 2, 3 மில்லிமீட்டர்தான் வளரும். ஒரு மாதம் நான் சோறு இறங்காமல் கிடந்தது அளவுகோலின் ஆட்டத்துக்காக! ஒரு மருந்தைச் சோதிக்க இத்தனை பேரை இத்தனை வருடம் ஏன் அளக்கிறார்கள் என்பது அப்போதுதான் விளங்கியது.

இனிப்புநீர் உள்ளவர்களுக்கு இந்த வீக்கம் மெதுவாக வளர்கிறதாம். காரணம் அவர்கள் போடும் மெட்ஃபார்மின் மாத்திரையாக இருக்கலாம் என்று ஸ்வீடன் போன்ற நாடுகளில் சோதனையில் இறங்கியிருக்கிறார்கள். இதை ஒட்டுக்கடையில் வாய்தவறிச் சொன்னேன். பக்கத்து வீட்டு அண்ணன் மறுநாள் காலையிலேயே தன் மாத்திரை அட்டை ஒன்றோடு வாசலில் நின்றார். "எனக்கு நிறைய இருக்கு, நீ ரெண்டு போட்டுப் பாரேன்."

டாக்டரிடம் கேட்டேன். சிரிக்கவில்லை. "இனிப்புநீர் இல்லாத உங்களுக்கு அது இன்னும் நிரூபணம் ஆகலை. சிகரெட்டை விடுங்க, அதுதான் வீக்கத்தை வேகமா வளர்க்குது. ரத்த அழுத்த மாத்திரையை ஒழுங்கா போடுங்க."

அட்டையைத் திருப்பிக் கொடுத்தேன். அண்ணனுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். சட்டைப்பையில் இருந்த சிகரெட் பெட்டியையும் சேர்த்துக் கொடுத்தேன். அதை மட்டும் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டார்.