மாரிக்கு ஒரு தொழில், கோடைக்கு ஒரு தொழில்

இலங்கையின் கிழக்குக் கரையில், மூதூரிலிருந்து தெற்கே ஈச்சிலம்பற்று, வெருகல் வரை நீளும் கரையோரக் கிராமங்களில் வாழ்வாதார உத்தியோகத்தராகப் பல ஆண்டுகளாக வேலை செய்துவருகிறேன். கிழக்கே கடல், மேற்கே காடு, இடையில் களப்பும் வயலும். மகாவலி கொட்டியாரக் குடாவில் வந்து விழுகிறது. அதன் கிளையான வெருகலாறு இன்னும் தெற்கே போய்க் கடலைச் சேர்கிறது. இவை எல்லாம் இவ்வளவு நெருக்கமாக அமைந்திருப்பதுதான் இங்குள்ள மனிதர்களையும் விலங்குகளையும் பிழைக்கவைத்தது என்பது என் உறுதியான எண்ணம்.

இந்தப் பக்கத்தில், இலங்கையின் பழங்குடியான வேடர் வம்சத்துக் குடும்பங்கள் பல இருக்கின்றன. தமிழ் பேசுகிறார்கள், பிள்ளையாரையும் முருகனையும் கும்பிடுகிறார்கள், தோணி வலிக்கிறார்கள். தோளில் கோடரி தொங்கும், மகியங்கனைப் பக்கத்துத் தம்பானை வேடரைப் படங்களில் பார்த்துப் பழகியவர்கள், 'இவர்கள் அசல் வேடர்தானா?' என்று என்னிடம் கேட்பதுண்டு. அந்தக் கேள்வி எனக்குக் கசக்கும். 1911இல் வெளிவந்த, மானிடவியலாளர்களான செலிக்மன் தம்பதியரின் ஆய்விலேயே கிழக்குக் கரை வேடருக்குத் தனி இடம் உண்டு. அன்றே அவர்கள் தமிழ் பேசி, மீன்பிடித்து வாழ்ந்தார்கள். காட்டை அறிந்த ஒரு சமூகம் கடலையும் கற்றுக்கொண்டதைக் குறையாகக் காண்பது எந்த நியாயம்?

என் தொழிலுக்கு வேண்டியதை எனக்கு அதிகம் சொல்லித்தந்தவர் அங்குள்ள ஒரு மூதாட்டி. ஊரே அவரைப் பெரியம்மா என்கிறது. நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். "கச்சான் எழும்பினால் கடல் படுத்துவிடும், மகன், காடு காய்ந்துவிடும்" என்றுதான் அவர் ஆண்டுக் கணக்கைத் தொடங்குவார். கச்சான் என்ற இந்தத் தென்மேற்குக் காற்று தன் மழையை மலைநாட்டில் கொட்டிவிட்டு, ஈரம் வற்றிய சுடுகாற்றாக எங்களிடம் வந்து சேர்கிறது. வைகாசியிலிருந்து ஆவணி வரை நிலம் வெடித்துக் கிடக்கும். ஆனால் அந்த மாதங்களில்தான் கிழக்குக் கடல் அடங்கியிருக்கும். கரைவலை இழுக்கலாம், தோணி ஓட்டலாம். அதே காலத்தில் காட்டில் பாலைப்பழம் பழுக்கும், தேனும் கிடைக்கும். ஐப்பசிக்குப் பிறகு வாடை திரும்பிக் கடல் மூர்க்கமாகும். அப்போது வேலை நிலத்துக்கும் களப்புக்கும் மாறிவிடும். காட்டை வெட்டிச் சுட்டுப் பயிரிடும் சேனையில் சோளமும் குரக்கனும் போடுவார்கள். கோடையில் மணல் அடைத்துக் கிடந்த முகத்துவாரத்தை மழைவெள்ளம் உடைக்கும். கடலில் பொரித்த இறால் குஞ்சுகள் அந்த வழியாக உள்ளே வந்து, களப்பில் வளர்ந்து, முட்டையிட மறுபடியும் கடலுக்குப் போகும். அந்தப் போக்குவரத்துக்கு நடுவில் வீச்சுவலையோடு நிற்பவர்கள் இந்த ஊர் ஆண்கள்.

காட்டு வள்ளிக்கிழங்கு பெண்களின் வேலை. மாரியில் கொடி பச்சையாகப் படரும்போதே இடத்தை மனத்தில் குறித்துவைப்பார்கள். கோடையில் கொடி காய்ந்து உதிர்ந்த பிறகு, மேலே ஒரு தடயமும் இல்லாத மண்ணில் போய்த் தோண்டுவார்கள். கொடியோடு ஒட்டிய தலைப்பகுதியைப் பெரியம்மா ஒருபோதும் எடுக்கமாட்டார். குழியிலேயே விட்டு மண்ணை மூடிவிடுவார். அடுத்த மாரியில் அது தளிர்க்கும்.

கோடையைக் கடக்க விலங்குகளுக்கும் அவரவர் வழி உண்டு. விராலுக்கும் பனையேறிக் கெண்டைக்கும் செவுள் மட்டும் இல்லை. காற்றை நேரடியாகச் சுவாசிக்கத் தலைக்குள் ஓர் அறை இருக்கிறது. குளம் சேறாகும்போதும் அவை உயிரோடு கிடப்பது அதனால்தான். பனையேறி ஈரத் தரையில் ஊர்ந்து அடுத்த நீரைத் தேடியும் போகும். பால் ஆமை சேற்றில் புதைந்து மழைக்காகக் காத்திருக்கும். இன்னும் மேற்கே சோமாவதிப் பக்கம், மாரியில் மகாவலி வெள்ளம் நிரம்பிய, வில்லு எனப்படும் ஆற்றோரத் தாழ்நிலங்களில் கோடையில் நீர் இறங்கப் புல் பச்சையாக எழும்புகிறது. சுற்றுக்காடு காய்ந்து நிற்கும்போது யானைகள் அங்கேதான் திரள்கின்றன. உடலில் எவ்வளவு திறமை இருந்தாலும், விராலுக்கு அந்தச் சேறும் யானைக்கு அந்த வழியும் வேண்டும். புனரமைப்பு என்று குளத்தின் சேற்றை ஒட்டக் கோரி எடுத்தாலோ, வழியில் வேலி போட்டாலோ அந்தத் திறமையால் ஒரு பயனும் இல்லை.

இந்தக் கரைக்குப் பழைய சாட்சி ஒருவரும் இருக்கிறார். புயலில் பாய்மரம் முறிந்த ஆங்கிலக் கப்பல் ஒன்று பழுதுபார்க்கக் கொட்டியாரத்துக்கு வந்தது. 1660இல் அதிலிருந்த றொபேட் நொக்ஸ் மூதூரில் கண்டிய மன்னனின் ஆட்களிடம் சிறைப்பட்டார்; அந்த இடத்தைச் சொல்லும் நினைவுக்கல் மூதூரில் இருக்கிறது. தப்பிப்போன பின்னர் 1681இல் அவர் வெளியிட்ட வரலாற்றில், வேடர் மரப்பொந்தில் தேனை ஊற்றி, அதில் இறைச்சியை நிரப்பி, களிமண்ணால் அடைத்துப் பஞ்சகாலத்துக்கு வைத்திருப்பார்கள் என்கிறார். என் வேலைக்கு இந்தச் செய்தி பெரிது. கிடைக்கும் காலத்தையும் கிடைக்காத காலத்தையும் ஒன்றாக வைத்து யோசித்த மக்கள் அவர்கள்.

அலுவலகம் அப்படி யோசிப்பதில்லை. நான் வேலை செய்த ஒரு நிறுவனத்தின் கணக்கெடுப்புப் படிவத்தில் 'பிரதான தொழில்' என்று ஒரே ஒரு கட்டம் இருந்தது. மீனவர் என்று எழுதினால் வலை கிடைக்கும், விவசாயி என்றால் விதைநெல் கிடைக்கும். மாரியில் சேனையும் களப்பும், கோடையில் கடலும் தேனும் என்று வாழும் குடும்பத்தை எந்தக் கட்டத்தில் போடுவது? போட்ட கட்டத்துக்குள் அந்தக் குடும்பத்தைச் சுருக்குவதுதான் நடந்தது. வலை வாங்கியவர் கடனை அடைக்க வருடம் முழுவதும் மீனையே நம்பவேண்டி வந்தது. வாடைக் கடலில் தோணி இறக்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இடம் பற்றிய முடிவுகள் இதைவிடக் கடுமையானவை. 2004 சுனாமிக்குப் பிறகு கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்று முதலில் அறிவித்தார்கள்; பின்னர் அது தளர்த்தப்பட்டது. அதற்குள் உள்ளே குடியேறியவர்கள் பலர் தோணியையும் வலையையும் கண்பார்வையில் வைத்திருக்க முடியாமல் போனார்கள். 2006 போரில் மூதூர் கிழக்குப் பகுதி மக்கள் இடம்பெயர்ந்தார்கள். தம்பானைப் பக்கத்து வேடருக்கு அது வேறு உருவத்தில் வந்தது: 1983இல் மாதுறு ஓயா தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டதும் அவர்கள் வேட்டையாடிய காடு காக்கப்பட்ட காடாகிவிட்டது, பல குடும்பங்கள் ஹெனானிகல என்ற குடியேற்றத்துக்கு மாற்றப்பட்டன. காட்டைக் காப்பது அவசியம். அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் கிழங்கின் தலையை மண்ணில் விட்டுவருகிறவளையும் மரம் வெட்ட லொறி கொண்டுவருகிறவனையும் ஒரே சட்டத்தில் நிறுத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை.

களப்பு ஓரத்தில் கண்ணா மரங்கள் நிற்கின்றன. சேற்றில் மூச்சுக் கிடைக்காததால் வேரையே மேல்நோக்கி நீட்டிச் சுவாசிக்கும் மரம் அது. உள்ளே போன உப்பை இலை வழியாகக் கசியவிடும், நக்கிப் பார்த்தால் நாக்கில் கரிக்கும். இவ்வளவு திறமை உள்ள மரங்கள் ஒரு கிராமத்தில் தோப்போடு பட்டுப்போயின. களப்புக்குக் குறுக்கே போட்ட வீதியின் அடியில் ஒரேயொரு சிறிய குழாய்தான் வைத்திருந்தார்கள். ஒரு பக்கம் தண்ணீர் இறங்காமல் தேங்கி, நீட்டிய வேர்களே மூழ்கிவிட்டன. மரம் போனதும் நண்டும் இறாலும் குறைந்தன; நண்டு பிடித்த பெண்கள் கூலி வேலைக்குப் போகத் தொடங்கினார்கள்.

வீதிக்கு அடியில் இன்னும் இரண்டு பெரிய குழாய்கள், தேன் காலத்தில் காட்டுக்குள் போய்வர அனுமதி, முகத்துவாரக் கரையில் வாடி என்ற மீனவர் குடிசை போட இடம்: அந்த ஊர்க்காரர்கள் கேட்பது இவ்வளவுதான். காட்டு அனுமதி பற்றி மட்டும் பதில் வந்திருக்கிறது. எல்லைக் கற்களைப் பார்வையிட ஒரு குழு வருமாம், மார்கழியில். ஆடியில் வாருங்கள் என்று திருப்பி எழுதியிருக்கிறேன். மார்கழியில் அந்தப் பாதைகள் தண்ணீருக்குள் கிடக்கும். தேனெடுக்கப் போகும் எவரையும் அங்கே காண முடியாது.