முட்டி மடங்கும் இடம்

திருப்பூரில் பனியன் துணியோடு பழகியவர்களுக்கு, அடிபட்ட மூட்டுக்கான உறை பின்னுவது பெரிய சங்கதியாகத் தெரியாது. வட்டப் பின்னல் மெஷின், நைலான், இழுபடும் லைக்ரா நூல் எல்லாம் கைப்பழக்கம்தான். ஆனால் பனியன் உடம்பைத் தொட்டுக்கொண்டிருந்தால் போதும். மூட்டு உறை அழுத்தியாக வேண்டும், அதுவும் வீங்கி வலிக்கிற இடத்தில். எங்கே அழுத்தக் கூடாது என்று கண்டுபிடிப்பதுதான் இந்த வேலையில் பாதி என்பேன்.

துணியின் இழுவிசை ஒரே அளவாக இருந்தாலும், வளைவின் ஆரம் சிறியதாக இருக்கும் இடத்தில் அழுத்தம் கூடும். லாப்லாஸ் விதி சொல்வது இதைத்தான். கணுக்காலில் இது நன்றாகத் தெரியும். சுளுக்கினால் நீர் கோத்துக்கொள்வது கணு எலும்பைச் சுற்றியுள்ள பள்ளத்தில். உறையை மாட்டினால் துணி எலும்பின் முகட்டுக்கும் குதிகால் நாணுக்கும் நடுவே கூடாரம்போல் நின்றுவிடும். எலும்பு நசுங்கும், வீக்கத்தைத் துணி தொடவே தொடாது. இன்னும் இறுக்கினால் வலிதான் மிச்சம். அதனால் பள்ளத்தை நிரப்பும்படி லாட வடிவ மெத்தை ஒன்றை உள்ளே வைக்கிறோம். அப்புறம் அதே துணி, அதே இறுக்கம், வீக்கத்தின் மேல் போய் உட்காரும்.

முட்டியின் சிக்கல் வேறு. மடக்கும்போது முன்பக்கத் தோல் நீளும், பின்பக்கம் சுருங்கும். உறை வெறும் குழாயாக இருந்தால் பின்னால் துணி மடிந்து சேரும். போட்டுப் பார்த்த பாட்டி ஒருவர் சொன்னார்: "நிக்கறப்ப நல்லாத்தான் இருக்குது கண்ணு, கீழ உக்காந்தா பின்னாடி அறுக்குது." நின்றும் நடந்தும் பார்த்துவிட்டு சாம்பிளை ஓகே செய்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. தரையில் சம்மணம் போட்டுச் சாப்பிடுகிறவர்கள், குத்துக்காலிட்டுப் பாத்திரம் விளக்குகிறவர்கள் மாட்டப்போகும் பொருள் இது. பின்பக்கம் லைக்ராவைக் குறைத்து, மெல்லிய வலைப் பின்னலாக மாற்றினோம். வியர்வையும் அந்த வழியாகக் காயும். நியோப்ரீன் என்கிற செயற்கை ரப்பரில் செய்த உறை சூட்டை அப்படியே பிடித்து வைக்கும். மே மாதத்தில் யாரால் அதைப் போட்டிருக்க முடியும்? அதன் தயாரிப்பில் சேரும் சில ரசாயனங்கள் சிலருக்கு ஒவ்வாமையும் தரும்.

மேல் விளிம்பு இன்னொரு தலைவலி. தொடை மேலே பருத்துக் கீழே ஒடுங்குவதால் உறை வழுகி இறங்கும். விளிம்பை இறுக்கிவிடலாம்தான், சுலபமான வழி. ஆனால் ஒரே கோட்டில் இறுகினால் கீழிருந்து ரத்தமும் நிணநீரும் திரும்புவது தடைபட்டு, கால் வீங்கும். வீக்கத்துக்கு மருந்தாகப் போட்டது வீக்கத்தையே கொடுத்தால் எப்படி? பட்டையை அகலமாக்கி, இறுக்கத்தைத் தளர்த்தி, வழுகாமல் இருக்க உள்ளே சிலிக்கான் புள்ளிகள் வைப்பதே சரி என்று நினைக்கிறேன்.

இந்த உறை எலும்பைப் பிடித்து நிறுத்தாது. வீக்கத்தைக் கட்டுக்குள் வைக்கும், மூட்டு எந்த நிலையில் இருக்கிறது என்ற உணர்வைக் கொஞ்சம் கூட்டும், அவ்வளவுதான். தசைநார் அறுந்தவருக்குக் கீல் வைத்த பிரேஸ் தேவைப்படலாம். அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். கடைக்காரர்களிடம் நான் கேட்பது ஒன்றே: பேன்ட் அளவைக் கேட்டு உறையைக் கொடுக்காதீர்கள். டேப்பை எடுத்துத் தொடை, முட்டி, கெண்டைக்கால் மூன்றையும் அளந்து கொடுங்கள். கால் மரத்துப்போனாலோ விரல் நிறம் மாறினாலோ உடனே கழற்றச் சொல்லுங்கள்.